சாயக்காரியும் நூறிதழ்க் கசகசாவும்

பிள்ளைகளே, பெரியவர்களே, எல்லோரும் காதைக் கொடுங்கள். ராஜாக்கள் குடிமக்கள் வீட்டு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த காலம் அது. மஞ்சுமலை நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். போர் இல்லை, பஞ்சம் இல்லை. ஆகவே அவனுக்குப் பூக்களின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது.

அரண்மனைத் தோட்டத்தில் வெள்ளைக் கசகசாப் பூ உண்டு. நாம் குழம்பில் அரைத்துவிடுகிற அதே கசகசாதான். ஆனால் அந்தப் பூவைப் பார்த்தவன் குழம்பை மறந்துவிடுவான். ஒரு பூவுக்கு நூறு இதழ்!

ஒரு மாசி மாதம் ராஜா யானைமேல் வீதியில் போனான். அங்கம்மை வீட்டுக் கொல்லையில் சிவப்புக் கசகசா பூத்திருந்தது. அங்கம்மை சேலைக்குச் சாயம் தோய்ப்பவள். அவள் பூவில் நாலே இதழ்கள், ஆனால் சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு.

"நம் பூவின் இதழும் இந்தப் பூவின் நிறமும் ஒரே செடியில் வராதா?" என்றான் ராஜா.

"வராது மகாராஜா" என்றான் தலைமைத் தோட்டக்காரன் உத்தண்டன்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்த அங்கம்மைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏன் வராது? சாயத்தோட சாயத்தைச் சேர்த்து நான் தினமும் புது நிறம் எடுக்கலையா?"

உத்தண்டன் முகம் சுண்டிப்போனது. அவள் கொல்லையில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அதன்மேல் அவனுக்கு நெடுநாளாய்க் கண். "இந்த மாசியோடு மூன்று மாசிக்குள் காட்டட்டும். இல்லாவிட்டால் இந்தக் கொல்லை அரண்மனையைச் சேரட்டும்" என்றான். ராஜா தலையாட்டினான். தலையாட்டுவது ராஜாக்களுக்குச் சுலபம். ஊற்று போனால் அங்கம்மைக்குச் சாயத்தொட்டி ஏது, சோறுதான் ஏது?

முதல் மாசி. கசகசா மொட்டு தலையைத் தொங்கப் போட்டிருக்கும், மலரப்போகும்போதுதான் நிமிரும். நிமிர்ந்த மொட்டை, மலர்வதற்கு முன்பே, அங்கம்மை நகத்தால் பிரித்தாள். உள்ளே இருந்த மகரந்தக் காம்புகளை ஒன்றுவிடாமல் கிள்ளியெடுத்தாள். ராஜா அனுப்பிய வெள்ளைப் பூவின் மகரந்தத்தைப் பஞ்சில் தொட்டு அந்த மொட்டின் நடுவே வைத்தாள். வண்டு வந்து கெடுத்துவிடாதபடி மெல்லிய துணியால் கட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று உத்தண்டனும் அவள் வேலியோரத்துப் பூவைப் பறித்துப்போய் அரண்மனையில் அதே வேலையைச் செய்தான்.

காய் உலர்ந்தது, விதை கிடைத்தது. ஐப்பசியில் இருவரும் விதைத்தார்கள்.

இரண்டாம் மாசி. அங்கம்மை கொல்லையில் எல்லாப் பூவும் சிவப்பு. எல்லாப் பூவும் நாலே இதழ். தெருவே சிரித்தது.

உத்தண்டன் தோட்டத்திலும் அதே கதைதான். அவன் எல்லாச் செடியையும் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினான். பிறகு அங்கம்மையிடம் வந்தான். "ஏம்மா, சாயத்தொட்டியிலே விழுந்த வெள்ளைத் துணி மறுபடி வெள்ளையாகுமா? உனக்குத் தெரியாததா? எங்க வெள்ளைப்பூ உன் சிவப்புல முழுகிப்போச்சு. பிடுங்கிப் போட்டுட்டுக் கொல்லையை ஒப்படைச்சிடு."

அவள் தொழிலும் அதைத்தான் சொன்னது. சாயத்தில் போனது திரும்பியதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அன்று முழுக்க அழுதாள். அழுதுகொண்டே முதல் செடியைப் பிடுங்கக் குனிந்தாள்.

இடுப்பில் இருந்த அவள் பெண்குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அங்கம்மை நிமிர்ந்து அதன் முகத்தைப் பார்த்தாள். நடுவில் குழி விழுந்த மோவாய்! அசல் மாமியாருடைய மோவாய். அவள் புருஷனுக்கோ மொழுமொழுவென்ற மோவாய், குழியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"அத்தை மோவாய் அவருக்கு வரலை. உனக்கு மட்டும் எப்படிடீ வந்துச்சு? அவருக்குள்ளே ஒளிஞ்சிருந்துல்ல வந்திருக்கணும்!"

ஏழு வருஷம் சண்டை போட்ட மாமியாரை அங்கம்மை அன்றுதான் முதல் முறையாக வாயார வாழ்த்தினாள். செடியைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு பூவுக்கும் துணி கட்டி, அதனதன் மகரந்தத்திலேயே காய்க்கவிட்டாள். ஐப்பசி வந்ததும் அந்த விதையை மூன்று பாத்தி நிறைய விதைத்தாள்.

மூன்றாம் மாசி. முதல் பாத்தியில் பூத்தது சிவப்பு, நாலிதழ். இரண்டாம் பாத்தியில் ஒரு பூ வெள்ளை! முழுகிப்போனது என்றார்களே, அந்த வெள்ளை! மூன்றாம் பாத்தியில் ஒரு மொட்டு நிமிர்ந்தது, வெடித்தது, விரிந்தது, விரிந்துகொண்டே இருந்தது. குங்குமச் சிவப்பில் நூறு இதழ்கள்! அங்கம்மை போட்ட கூச்சலில் தெருவே கொல்லையில் கூடிவிட்டது. போன வருஷம் சிரித்தவர்களெல்லாம் குலவையிட்டார்கள்.

"பெயர்த்து அரண்மனைக்குக் கொண்டு வா" என்று ராஜா ஆளனுப்பினான்.

"பெயர்த்தா செடி செத்துப்போகும். பார்க்கணும்னா மகாராஜாதான் இங்கே வரணும்" என்று சொல்லியனுப்பினாள் அங்கம்மை.

ராஜா வந்தான். சாயத் துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து, பட்டுத் தலைப்பாகையில் சாயம் சொட்டச் சொட்ட வந்தான். பூவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளையாய்க் கைகொட்டினான். கொல்லையும் ஊற்றும் அங்கம்மைக்கும் அவள் வம்சத்துக்கும் என்றென்றைக்கும் சொந்தம் என்று அங்கேயே அறிவித்தான்.

"இதை எப்படியம்மா வரவழைத்தாய்?"

"நான் எங்கே வரவழைச்சேன் மகாராஜா? போன வருஷச் செடிக்குள்ளேயே இருந்துச்சு. பிடுங்காம விட்டேன், அவ்வளவுதான்."

ராஜா உத்தண்டன் பக்கம் திரும்பினான். "நீயும் இதே போல் சேர்த்து விதைத்தாயே, உன் செடிகள் எங்கே?"

"எல்லாம் நாலிதழாகப் பூத்தன மகாராஜா. போன மாசியிலேயே கொளுத்திவிட்டேன்."

"அப்படியென்றால், இந்தப் பூ அன்றைக்கு உன் கையிலும் இருந்திருக்கிறது" என்றான் ராஜா.

உத்தண்டன் பூவைப் பார்த்தான், தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

கேட்டவர்களே, முதல் பூவைப் பார்த்தே ஒன்றுமில்லை என்று பிடுங்கி எறிகிறவன், தனக்கு வரவேண்டியதைத் தானே கொளுத்துகிறான்.