கோல் வாங்காத டீம்

கோவில்பட்டியில ஜெபராணிகிட்ட ஹாக்கி படிச்ச பொண்ணுங்க எத்தனையோ பேரு. அதுல வாய் நீளம்னா செண்பகாவுக்குத்தான். காலேஜ் டீமுக்குக் கேப்டனும் அவதான், முன்னாடி நின்னு கோல் போடுறவளும் அவதான்.

ஜெபராணிக்கு இன்னும் நாப்பது கூட ஆகல. அதனால கோச்சுன்னு யாரும் கூப்பிடுறதில்ல, அக்காதான். பேச்சு ரொம்பக் கம்மி. தேவைன்னா ஒரு விசில். அதுக்கும் மேல தேவைன்னா ஒரு பார்வை.

மாநில சாம்பியன்ஷிப் நெருங்கிருச்சு. டீமை அனுப்பலாமா வேண்டாமான்னு அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஜெபராணி காலேஜுக்குச் சொல்லணும். அவ தலையாட்டுனாத்தான் பஸ் ஏற முடியும். செண்பகாவுக்கு இது கடைசி வருசம். கப்போட வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலைக்கு வழி பிறக்கும். இல்லாட்டி ஸ்டிக்கைப் பரண்ல தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்.

ஆனா ஜெபராணி வாயே தெறக்கல.

அது கூடப் பரவாயில்ல. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அவ பாளையங்கோட்டை டீமோட கோச்சுகிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்ததை செண்பகா தன் கண்ணால பாத்துட்டா. போன வருசம் கப்பு அடிச்சவங்களே அந்த டீமுதான். அதுலேருந்து அக்கா தும்முனாக்கூட உள்குத்து இருக்குமோன்னு இவளுக்குத் தோணிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில பொறுக்க மாட்டாம மைதானத்துலயே போய் மறிச்சா.

"அக்கா, ஒரு கேள்வி."

"கேளு."

"நாம கப்பு அடிப்போமா, மாட்டோமா?"

ஜெபராணி ரப்பர் குழாயைப் பிடிச்சு மைதானத்துப் புழுதியை அடக்கிக்கிட்டு இருந்தா. நிமிந்து பாக்கல.

"எத்தனை கோல் போட்டீங்க?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? லீக்ல பத்தொம்பது. இந்தப் பக்கத்துல இம்புட்டு யாரும் போடல."

"வாங்குனது?"

"முட்டை. ஒண்ணு கூட வாங்கல."

"ம்."

"என்னக்கா ம்? வேற யாரா இருந்தாலும் இந்நேரம் மாலைக்கே சொல்லி வச்சிருப்பாங்க. நீங்க என்னன்னா மண்ணுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்கீங்க."

"போட்டது யாரு யாரு?"

செண்பகா மூச்சு விடாம பேரு பேரா அடுக்குனா. பாதிக்கு மேல அவ பேருதான் வந்துச்சு.

"தடுத்தது?"

"பாத்திமுத்து."

"வேற?"

"வேற யாரு? கோல்கீப்பரு அவ ஒருத்திதானக்கா!"

ஜெபராணி போய்க் குழாயை மூடிட்டு வந்தா. கையைப் பாவாடையில துடைக்கிற மாதிரி டிராக் பேண்ட்ல துடைச்சா.

"கோலே வாங்காத டீமைப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுட்டி."

செண்பகாவுக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு.

"இது என்ன பேச்சுக்கா? ஜெயிக்கிறது பிடிக்கலையா, இல்ல ஜெயிக்கிறது நாங்கங்கிறது பிடிக்கலையா?"

"ரெண்டும் இல்ல."

"பாளையங்கோட்டைக்காரரோட டீ குடிச்சீங்களே, அங்க மட்டும் சொல்லத் தெரிஞ்சுச்சோ?"

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அவரும் இதைத்தான் கேட்டாரு. ஒங்க டீமு எப்படின்னு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்."

"இதை நான் நம்பணும்?"

"டீ நல்லா இருந்துச்சு. அதையாவது நம்பு."

அந்த நேரம் பாத்து பஜார் பசங்க சைக்கிள்ல வந்து இறங்குனாங்க. பகல்ல கடையில மூட்டை தூக்கிட்டு, சாயங்காலம் ஹாக்கி ஆடுறவனுங்க. பந்து அவனுங்ககிட்ட மாட்டுனா கண்ணுக்கே தெரியாது. ஜெபராணிதான் காலேஜ் டீமோட ஆடிப் பாக்க வரச் சொல்லியிருந்தா.

"கேப்டனம்மா, பாத்து அடிங்க. நாளைக்கு நாங்க வேலைக்குப் போணும்"னான் ஒருத்தன்.

"கவலைப்படாத. லீவு லெட்டரு நானே எழுதித் தாரேன். காலு ஒடைஞ்சு போச்சுன்னு"ன்னா செண்பகா.

சிரிச்சுக்கிட்டே சொன்னாளே தவிர, உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஊருக்குக் கெளம்புற நேரத்துல இவனுங்களை எதுக்கு இழுத்துட்டு வரணும்? தோக்கடிச்சுட்டு, அதையே சாக்கு வச்சு அனுப்ப முடியாதுன்னு சொல்லவா? காலுக்குப் பேடு கட்டிக்கிட்டு இருந்த பாத்திமுத்துகிட்ட போய்க் குனிஞ்சா.

"ஏட்டி, அக்கா என்னமோ திட்டம் போடுது. கவனமா இரு."

"நான் எப்பம்டி கவனம் இல்லாம இருந்தேன்?"

"இன்னைக்குக் கூடுதலா இரு."

ஆட்டம் தொடங்குச்சு. பசங்க வேகமாத்தான் வந்தாங்க. பாத்திமுத்து காலால ஒண்ணைத் தட்டுனா, விழுந்து ஒண்ணைத் தள்ளுனா. மூணாவதா வந்த அடி பின்னாடி நின்ன நம்ம பொண்ணு ஒருத்தியோட ஸ்டிக்ல பட்டு, திசை மாறி, உள்ள போயிருச்சு. வலையில ஒரு ஓட்டை. அது வழியா வெளிய பாஞ்சு, பின்னாடி இருக்கிற ஓடைக்குள்ள உருண்டுருச்சு பந்து.

ஓடை பூரா வேலிக்கருவேல் முள்ளு. கோலை விட்டவதான் எறங்கிப் பந்தை எடுத்துட்டு வரணும்ங்கிறது அந்த மைதானத்து வழக்கம். யாரு எப்ப வச்ச வழக்கமோ, யாருமே அதைப் பத்திக் கேட்டதில்ல.

"லீக் பூரா விடாம இருந்துட்டு, இவனுங்ககிட்டப் போயி விட்டுட்டியேட்டி!" செண்பகா அந்தக் கோடியிலேருந்தே கத்துனா. "போ, போய் எடு!"

பாத்திமுத்து ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு, கனமான பேடோட அசைஞ்சு அசைஞ்சு ஓடைக்குள்ள எறங்குனா. மத்தவளுக இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னாளுக. பந்து யாரு ஸ்டிக்ல பட்டுச்சோ அவளும் அப்படித்தான் நின்னா.

ஜெபராணி பையிலேருந்து இன்னொரு பந்தை எடுத்து நடுக்கோட்டுல வச்சா. விசில் ஊதுனா.

கோல் வாங்குன பக்கம்தான் நடுவுலேருந்து திரும்பத் தொடங்கணும். செண்பகா ஒரு நொடி கூட யோசிக்கல. ஒடனே ஒண்ணு திருப்பிப் போட்டு எல்லாரு மூக்கையும் ஒடைச்சுடணும்னு வெறி.

"எல்லாரும் ஏறி வாங்கட்டி!"

பந்தைத் தோழிகிட்டத் தட்டி, திரும்ப வாங்கி ஓடுனா. மொத ஆளைத் தாண்டுனா. அடுத்தவனையும் தாண்டுனா. அதுக்கப்புறம் வந்தவன் அலுங்காம ஸ்டிக்கை நீட்டிப் பந்தைப் பறிச்சு, நீளமா ஒண்ணு அடிச்சான்.

அந்தப் பக்கம் நின்ன பையன் பந்தை எடுத்துக்கிட்டு நடந்தே போனான். ஓட வேண்டிய தேவையே இல்ல. கோலுக்கு முன்னாடி இருக்கிற வளைவுக் கோட்டைத் தாண்டுனதும் நின்னு சுத்திப் பாத்தான்.

"யக்கா, இங்க ஒரு ஆளும் இல்ல. போடவா?"

"ஆட்டம் நடக்குதுல்ல?"ன்னா ஜெபராணி.

அவன் வெக்கப்பட்டுக்கிட்டே மெதுவா உள்ள தள்ளுனான்.

செண்பகா ஸ்டிக்கைத் தரையில அடிச்சுக்கிட்டு ஓடி வந்தா.

"இதுக்குத்தானா இவனுங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? கோல்ல ஆளு இல்லாதப்ப எப்படிக்கா விசில் ஊதுவீங்க? இது அநியாயம்!"

"ஆளு இல்லைன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அவ எறங்கும்போதே தெரியும்! நான்தானே சத்தம் போட்டு அனுப்புனேன்."

"தெரிஞ்சேதான் பந்தைத் தட்டுனியா?"

"நீங்க ஊதுனீங்க!"

"ஊதுனேன். என்மேல ஒனக்கு இம்புட்டு சந்தேகம். விசிலு மேல மட்டும் எப்படிட்டி இம்புட்டு நம்பிக்கை?"

செண்பகா திரும்பி மத்தவளுகளைப் பாத்தா. 

"மத்தவளுகளும்தான் ஏறி வந்தாளுக"ன்னா. குரல் எறங்கிருச்சு.

"கேப்டன் கூப்பிட்டா வராம என்ன செய்வாளுக?"

ஓடைக்குள்ளேருந்து பாத்திமுத்து ஏறி வந்தா. ஒரு கையில ஹெல்மெட்டு, ஒரு கையில பந்து. முழங்கையில முள்ளுக் கீறி ரத்தம் கோடு போட்டிருந்துச்சு. கோலுக்கு வந்தவ அப்படியே நின்னுட்டா. உள்ள வலை ஓரமா இன்னொரு பந்து கெடந்துச்சு. அதைப் பாத்தா. தன் கையில இருந்த பந்தைப் பாத்தா.

"ஏட்டி செண்பகா, இது எப்பம்?"

 பஜார் பசங்க கூடத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

ஜெபராணியோட போன் அடிச்சுச்சு. காலேஜ்லேருந்துதான். செண்பகா அவ கையையே பாத்தா.

"அக்கா, அவங்கதான். என்னக்கா சொல்லப் போறீங்க? நாம போறோமா, இல்லையா?"

ஜெபராணி போனை எடுக்கல. கோல் பக்கம் கையைக் காட்டுனா.

"அங்க ஒருத்தி கேட்டுக்கிட்டு நிக்கா. மொதல்ல நீ அவளுக்குப் பதிலைச் சொல்லு. அதைக் கேட்டுட்டு நான் இவங்களுக்குச் சொல்லுதேன்."