உப்புக்கு எந்தப் பெட்டி

வேதநாயகத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய குருவுக்கு முப்பத்து நான்கு.

இருபத்தெட்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் இருக்கும் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் மாணவனாக உட்கார்ந்துவிடுவார். அங்கே அவருடைய குரு தில்ஷாத் பைக்குகளுக்குப் பெட்டி மாட்டும் இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்துகொண்டிருப்பார். நெடுந்தூரம் வண்டி ஓட்டவும் கற்றுத்தருவார். அந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் எல்லாரும் அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியாருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. உஸ்தாத்துக்குப் பேச்சில் சிக்கனம் அதிகம். கேள்வி கேட்டால் பாதி நாள் கையில் ஸ்பானரைக் கொடுத்துவிடுவார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் கேள்வியோடு வந்தார்.

"உஸ்தாத், எந்தப் பெட்டி மாட்டினா நான் கட்ச் போய்ச் சேருவேன்?"

காதில் விழுந்தவருக்கு இது பெட்டி விற்கிற கடையில் கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றும். வாத்தியாருக்கு அது மானப் பிரச்சினை.

சோடியம் குளோரைடு பாடம் நடத்தும்போதெல்லாம் அவர் பிள்ளைகளிடம் ஒரு வாக்கு கொடுப்பது வழக்கம். குஜராத்தில் கட்ச் என்று ஓர் இடம் இருக்கிறது, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தரையே உப்பு, என் வண்டியிலேயே போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து இந்த மேசையில் வைப்பேன் என்பார். அதற்காகவே ஐம்பத்தாறு வயதில், முன்னால் குனிந்து உட்கார்ந்து ஓட்டுகிற, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வேகமான வண்டி ஒன்றை வாங்கினார். ஊரே சிரித்தது. இரண்டு டிசம்பர் கிளம்பினார். இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பி வந்தார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் 'அரைவழி வாத்தியார்'. கரும்பலகையில் யாரோ எழுதியும் வைத்தார்கள். அதை அவரே துடைத்தார்.

வருகிற மே மாதம் ஓய்வு. இதுதான் கடைசி அரையாண்டு விடுமுறை. அடுத்த டிசம்பரில் கட்ச் இருக்கும், உப்பும் இருக்கும், ஆனால் அதை வைக்க அவருக்கென்று ஒரு மேசையும் வகுப்பும் இருக்காது.

"முன்னாடி ஏன் திரும்புனீங்க, சார்?" என்று கேட்டார் உஸ்தாத்.

"முதல் தடவை நைலான் பை. இந்த வண்டிக்கு சைலன்ஸர் மேலே தூக்கியிருக்கு, அதுல பட்டு பை உருகிடுச்சு. ரெண்டாவது தடவை மழை. உள்ள இருந்ததெல்லாம் ஊறிப்போச்சு. அதான் இந்தத் தடவை கெட்டிப் பெட்டியாவே மாட்டிடலாம்னு."

சுவரில் மூன்று ஜோடிப் பெட்டிகள் தொங்கின. பெரியது ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து லிட்டர், அலுமினியம், பார்த்தாலே பீரோ மாதிரி. நடுத்தரம் ஒன்று. கடைசி ஜோடி சின்னது, இருபத்திரண்டு லிட்டர், கறுப்பு பிளாஸ்டிக்.

வாத்தியார் கண் பீரோவின் மேலேயே இருந்தது. உஸ்தாத் அதைக் கழற்றி எடுத்து, வண்டியின் சட்டத்தில் மாட்டினார்.

"சாமான் எங்க?"

சாமான் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கியது. பைக்கில் போகப் போகிற சாமான் ஆட்டோவில் வந்தபோதே வாத்தியாருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவருக்குத் தன் விஷயத்தில் மட்டும் புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அகர வரிசையில் பட்டியல் போட்டு, அறுபத்தொரு பொருள் கொண்டுவந்திருந்தார். காற்றடிக்க மின்சாரப் பம்பு ஒன்று, அது பழுதானால் கால் பம்பு ஒன்று. மூன்று டார்ச் விளக்கு. சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு பாத்திரம். மூன்று ஜோடி செருப்பு. கசங்கிய சட்டை போட்டுப் பழக்கமில்லாததால் இஸ்திரிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் இரண்டு கட்டு, எண்பத்து நான்கு பேருடையது. ராத்தங்கும் இடங்களில் திருத்திக்கொள்ளலாம் என்று திட்டம்.

உஸ்தாத் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் அடுக்கவிட்டார். பெட்டிகள் இரண்டும் நிறைந்தன. மீதிச் சாமான் பின்சீட்டில் ஏறியது.

"பெட்டின்னா இதுதான் பெட்டி" என்றார் வாத்தியார், கையைத் தட்டிக்கொண்டு.

உஸ்தாத் ஒரு பழைய மெத்தையை இழுத்துவந்து தரையில் விரித்தார். வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார். அப்படியே இடப்பக்கமாகச் சாய்த்து மெத்தையில் படுக்க வைத்துவிட்டார்.

பெற்ற பிள்ளையைத் தரையில் போட்டது போல இருந்தது வாத்தியாருக்கு.

"தூக்குங்க" என்றார் உஸ்தாத்.

அந்தக் கொட்டகையில் இதுதான் வழக்கம். நெடும்பயணம் போகிறவர் எவராக இருந்தாலும், முழுச் சாமானோடு படுத்த வண்டியைத் தன்னந்தனியாக நிமிர்த்த வேண்டும். அதுவரை பெட்டிச் சட்டத்தின் கடைசி போல்ட்டை உஸ்தாத் முறுக்க மாட்டார்.

வெறும் வண்டியைத் தூக்கும் வித்தையை வாத்தியார் போன மாதமே கற்றிருந்தார். முதுகை வண்டிக்குக் கொடுத்து, சீட்டில் இடுப்பை வைத்து, ஒரு கையில் கைப்பிடியும் இன்னொரு கையில் பின்கம்பியும் பிடித்து, காலால் உந்திப் பின்னால் நடக்க வேண்டும். அதே போல உட்கார்ந்தார், உந்தினார். வண்டி ஒரு விரற்கடை எழும்பிவிட்டு மறுபடி படுத்தது.

"பெட்டியக் கழற்றிட்டுத் தூக்கலாமே, உஸ்தாத்."

"கழற்றுங்க."

வலப்பக்கத்துப் பெட்டி சாவி போட்டதும் வந்துவிட்டது. இடப்பக்கத்துப் பெட்டி வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது, அதன் பூட்டு மெத்தைக்குள் புதைந்திருந்தது. வாத்தியார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். வண்டியைத் தூக்கினால்தான் பெட்டியைக் கழற்ற முடியும், பெட்டியைக் கழற்றினால்தான் வண்டியைத் தூக்க முடியும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

மறுபடி உந்தினார். இன்னொரு தடவை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு பெயின்ட் டப்பாவில் போய் உட்கார்ந்தார்.

உஸ்தாத் மெத்தையின் ஓரத்தில் வந்து குந்தினார்.

"மழை எப்ப வந்துச்சு, சார்?" என்று பிறகு கேட்டார்.

வாத்தியார் தலையைத் தூக்கவில்லை.

"கோலாப்பூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். உள்ள நுழையிற இடத்துல சரிவு. காலை ஊன்றினேன், வண்டி பாரத்தோட சாஞ்சிடுச்சு. என்னால தூக்க முடியல. நாலு பசங்க ஓடிவந்து தூக்கினாங்க. அதுல ஒருத்தன், 'இந்த வயசுல எதுக்குப் பெரியவரே இதெல்லாம்'னான். அவன் நல்லபடியாத்தான் சொன்னான், உஸ்தாத். அங்கயே வண்டியத் திருப்பிட்டேன்."

"மழை?"

"திரும்பி வர்ற வழியில பெஞ்சுது."

சொல்லி முடித்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கொஞ்சம் இலேசாகவும் இருந்தது. ஒரு வருஷமாக அந்த மழையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

உஸ்தாத் வெளியே போனார். எதிரில் இருந்த மளிகைக் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வாத்தியாரின் மடியில் வைத்தார். ஒரு கிலோ கல்லுப்பு.

"இது எதுக்கு?"

"இதையே உங்க கிளாஸ் மேசையில வச்சிடுங்க. கட்ச்ல இருந்து கொண்டுவந்தேன்னு சொல்லுங்க. அதுவும் இதுவும் ஒண்ணுதானே, சார்? நீங்கதான் பாடம் நடத்துறவரு."

ஒன்றுதான். அதில் வாத்தியாருக்குச் சந்தேகமே கிடையாது. அங்கே அள்ளினாலும் இங்கே வாங்கினாலும் அதே சோடியம், அதே குளோரின். எந்தப் பிள்ளையாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் எவரும் இப்படிக் கேட்டதில்லை.

எழுந்தார். பொட்டலத்தைக் கொண்டுபோய் உஸ்தாத்தின் வெல்டிங் மேசை மேல் வைத்தார். வண்டியிடம் வந்து, பின்சீட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

முதலில் போனது இஸ்திரிப் பெட்டி. அடுத்தது அடுப்பும் பாத்திரமும். கால் பம்பு போனது. இரண்டு டார்ச் போனது. செருப்பில் ஒரு ஜோடி மட்டும் தங்கியது. விடைத்தாள் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் சற்று யோசித்தார்.

"வியாழக்கிழமைக்குள்ள திருத்திடுவேன்" என்றார், உஸ்தாத்திடமா கட்டுகளிடமா என்று தெரியாமல். அவற்றையும் இறக்கி வைத்தார்.

இருவருமாகச் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். பெரிய பெட்டியைக் கழற்றி வாத்தியாரே சுவரில் மாட்டினார். சின்ன ஜோடியை அவரே எடுத்துவந்தார். மீந்திருந்த பத்தொன்பது பொருளையும் அவற்றுக்குள் அடக்கினார். பிறகு உஸ்தாத் சொல்வதற்கு முன்னாலேயே வண்டியை மெத்தையில் படுக்க வைத்தார்.

முதல் உந்தலில் வரவில்லை. இரண்டாவதில் பாதி எழுந்து சரிந்தது, முழங்கால் சடக்கென்றது.

"போதும் சார், நாளைக்குப் பாக்கலாம்."

"இல்ல."

மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் நடந்தார். வண்டி அவர் முதுகோடு சேர்ந்து எழுந்தது, நிமிர்ந்தது, ஸ்டாண்டில் நின்றது. உஸ்தாத் ஸ்பானரை எடுத்தார். குனிந்து கடைசி போல்ட்டை முறுக்கினார்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாத்தியார் கிளம்பினார். கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். மனதுக்குள்ளே இன்னும் கொஞ்சம் அரைவழி மிச்சமிருந்தது.

"வழியில விழுந்தா, உஸ்தாத்?"

"தூக்குங்க."

"மறுபடி விழுந்தா?"

"மறுபடி தூக்குங்க."

"பெட்டி ரெண்டும் நிறைஞ்சிருக்கே. வரும்போது உப்ப எந்தப் பெட்டியில வைக்கிறது?"

"அதை அங்க நின்னு கேளுங்க."

உஸ்தாத் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். வாத்தியார் கண்ணாடியை இறக்கினார்.

முதல் நாள் அழைப்பு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் உஸ்தாத் எதற்கோ இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தார். நான்காம் நாளும் பார்த்தார். வெல்டிங் மேசையில் அந்த உப்புப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. எடுத்ததும் காற்றுச் சத்தம்தான் கேட்டது, வேறு எதுவும் கேட்கவில்லை. காற்றுக்கு நடுவில் ஒரு கிழவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் மூச்சு வாங்கினார்.

"உஸ்தாத், சுத்தி எல்லாம் வெள்ளையா இருக்கு. கண்ணு கூசுது."

"எத்தனை தடவை விழுந்தீங்க?"

"ரெண்டு தடவை. முதல் தடவை கோலாப்பூர் தாண்டி. அதே பங்க், அதே சரிவு."

"யாரு தூக்குனா?"

"ஒருத்தர் ஓடி வந்தாரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பின்னு சொல்லிட்டேன்."

காற்று இன்னும் கொஞ்ச நேரம் அடித்தது.

"இப்ப அங்கதான் நிக்கிறேன், உஸ்தாத். இப்பக் கேக்கலாமில்ல? கையில அள்ளி வச்சிருக்கேன். எந்தப் பெட்டியில வைக்கட்டும்?"

"ஒரு பிடிதானே, சார்" என்றார் உஸ்தாத். "சட்டைப் பையில போட்டுக்கிட்டு வாங்க."