ஏட்டையா கட்டிய பேட்டரிக் கொட்டகை

கோவில்பட்டிக்கு வெளியே புதிதாக முளைத்த காலனி ஒன்றில் பூரணம் என்று ஒரு அம்மா இருந்தார். இட்லி மாவு அரைத்து விற்பது தொழில். காவி கட்டியதில்லை, யாருக்கும் மந்திரம் கொடுத்ததுமில்லை. ஆனாலும் சாயங்காலமானால் நாலு பேர் அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஏதாவது கேட்பார்கள். அவர் சில நாள் பதில் சொல்வார், சில நாள் சும்மா இருப்பார். வயது நாற்பதுகூட இருக்காது.

அந்த நாலு பேரில் மூத்தவர் ஏட்டையா. சொந்தப் பெயர் அய்யலுசாமி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணை குரு என்று சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. அந்த மட்டுக்கும் நல்ல மனுசன்தான். சந்தேகம் மட்டும் வேலையோடு ஓய்வு பெறாமல் அவரிடமே தங்கிவிட்டது.

அவர் வீட்டுக்குப் பின்னால், கிழக்கே, ஒரே ஒரு மதில் தாண்டினால் தேவசகாயத்தின் வீடு. தேவசகாயம் அச்சகம் வைத்திருந்தவர். மனைவி இறந்துவிட்டார். மகன் ஓசூரில். இருவருக்கும் பேச்சு அறுந்து போச்சு, அதனால் பேத்தியைக் கையில் வாங்கிய பாக்கியம் அவருக்கு இல்லை.

தேவசகாயம் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டார். கூரை மேலே சோலார் பேனல், உள்ளே பேட்டரியும் இன்வெர்ட்டரும். பேட்டரி சூடாகிற சாமான், வீட்டுக்குள் வேண்டாம் என்று தனிக் கொட்டகை. கரண்டு போனால் காலனியே இருண்டு கிடக்கும். அவர் வீட்டில் மட்டும் லைட்டு எரியும், ஃபேன் ஓடும்.

இதை ஏட்டையாவால் தாங்க முடியவில்லை. பொறாமை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வேறு என்ன பேர் சொல்வது? இருட்டில் விசிறியால் வீசிக்கொண்டே மதிலுக்கு அந்தப் பக்கம் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் சம்சாரம் சும்மா இருக்காமல், "கொடுத்து வச்ச மனுசன்" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அன்றைக்கு ஏட்டையாவுக்குச் சோறு இறங்காது.

அவரும் கட்டினார். ஓட்டு வீடு, ஓட்டு மேல் பேனல் நிற்காது, கொல்லையில்தான் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் காரணம் சொன்னார். தேவசகாயம் கொட்டகையைவிட ஒரு முழம் உயரம், ஒரு பேனல் கூடுதல். எதற்கு அந்த ஒரு முழம் என்று கொத்தனார் கேட்டார். "கட்டுன்னா கட்டுய்யா" என்றார் ஏட்டையா.

இந்தச் சமயத்தில் மகள் செண்பகம் பிரசவம் முடிந்து பச்சைப் பிள்ளையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள். ஆண் பிள்ளை. ஏட்டையாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேரனுக்கு ஒரு நிமிசம் வேர்க்கக் கூடாது, அதற்காகத்தான் கொட்டகையே கட்டினேன் என்று சொல்ல ஆரம்பித்தார். பாதி அவரே நம்பிவிட்டார்.

கொட்டகை முடிந்த முதல் நாளே கூரையின் கிழக்கு ஓரத்தில் ஒரு திருஷ்டி பொம்மை ஏறியது. முகம் தேவசகாயம் வீட்டைப் பார்த்து.

பேட்டரி நிறையவே இல்லை. சாயங்காலம் கரண்டு போனால் கொஞ்ச நேரம் ஃபேன் முனகும், பிறகு நின்றுவிடும். எலக்ட்ரீசியன் வந்தான். மத்தியானச் சாப்பாடு முடித்துச் சாவகாசமாக வந்து, மேலே ஏறி, வயரையெல்லாம் தொட்டுப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு ஏட்டையா."

"பின்னே ஏன்டா நிறைய மாட்டேங்குது?"

"அதான் எனக்கும் புரியலை."

ஏட்டையாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணு! அந்த ஆள் கண்ணு வைத்துவிட்டான்! உடனே பூசணிக்காயில் மூஞ்சி வரைந்து பக்கத்தில் கட்டினார். பேட்டரி இன்னும் குறைந்தது. தகரத்தில் பெரிய ராட்சச முகம் ஒன்று வாங்கி மாட்டினார். இன்னும் குறைந்தது. கடைசியில் வைக்கோல் திணித்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்து, தன் பழைய காக்கிச் சட்டையையே அதற்குப் போட்டு, கை இரண்டையும் விரித்துக் கட்டி, கம்பில் நிறுத்தினார். இப்போது ஃபேன் முனகக்கூட இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கரண்டு போனதும் பிள்ளை வீரிட்டு அழுதது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தேவசகாயத்தின் குரல்.

"செண்பகம், பிள்ளையை இங்க கொண்டாம்மா. காத்து வருது."

செண்பகம் அப்பாவைப் பார்த்தாள். அப்பா விசிறியால் இன்னும் வேகமாக வீசிக்கொண்டார். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. தேவசகாயம் தன் வீட்டு உத்தரத்தில் தொட்டில் கட்டினார். ஏட்டையாவின் பேரன் தேவசகாயம் வீட்டு ஃபேனுக்குக் கீழே, தேவசகாயம் கட்டிய தொட்டிலில், தேவசகாயம் பாடும் ஞானப் பாட்டைக் கேட்டுத் தூங்கினான். இந்தப் பக்கம் இருட்டில் ஏட்டையா. அவர் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் சாயங்காலம் பூரணத்தின் கூடத்தில் அவர் யாரையும் முந்திக்கொண்டு கேட்டார்.

"அம்மா, அடுத்தவன் கண்ணு நம்ம மேல படாம இருக்க என்ன செய்யணும்?"

"யார் கண்ணு?"

"தேவசகாயம் கண்ணுதான். என் கொட்டகையைப் பார்த்துப் பார்த்தே அந்த ஆள் அதை அமுக்கிட்டான்."

"அவர் பார்க்கிறாருன்னு எப்படித் தெரியும்?"

"நான் ஏட்டும்மா. எனக்குத் தெரியாதா?"

கூடத்தில் இருந்த ஒருத்தர் சிரிப்பை அடக்க இருமினார். பூரணம் சிரிக்கவில்லை.

"எனக்கு இந்த சோலாரெல்லாம் ஒண்ணும் தெரியாது ஏட்டையா. காலையில மாவு கொடுக்கப் போவேன். கூட வாங்க. அவர் எப்படிப் பார்க்கிறாருன்னு பார்த்துட்டு வந்துருவோம்."

"அவன் வீட்டுக்கா? நானா?"

"உங்க வீட்டுப் பிள்ளை போற வீடுதானே."

காலையில் போனார்கள். தேவசகாயம் கதவைத் திறந்து, ஏட்டையாவைக் கண்டதும் பதறிப் போய் நாற்காலியைத் துடைத்தார். பூரணம் மாவுத் தூக்கைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாச்சி, மாடிக்குப் போகலாமா? நான் மாவு கொண்டு வர்றப்பல்லாம் நீங்க அங்கதானே நிப்பீங்க."

தேவசகாயத்தின் முகம் மாறியது. "மாடியிலயா? அங்க என்ன இருக்கு?"

"சும்மாதான்."

மூவரும் ஏறினார்கள். காலை வெயில் சுள்ளென்று முதுகில் அடித்தது. பூரணம் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்.

"இங்க வந்து பாருங்க ஏட்டையா."

ஏட்டையா வந்து பார்த்தார். கீழே அவருடைய கொட்டகை. ஏணியில் ஏறிப் பொம்மை கட்டினாரே தவிர, காலை வெயிலில் இப்படி மேலேயிருந்து அதன் உச்சியை அவர் பார்த்ததே இல்லை. ஓட்டு வீட்டுக்காரருக்கு மாடி ஏது? முதலில், நம்ம கொட்டகை இங்கிருந்து பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் மற்றது கண்ணில் பட்டது.

காக்கிச் சட்டை போட்ட ஒருத்தன் கை இரண்டையும் விரித்து வெயிலை மறித்துக்கொண்டு நின்றான். அவன் நிழல் பேனல்கள் மேல் நீளமாகக் கிடந்தது. பூசணிக்காய் நிழல் ஒரு பக்கம், தகர முகத்தின் நிழல் ஒரு பக்கம்.

"நிழல் கொஞ்சந்தானே விழுது" என்றார் ஏட்டையா. குரல் இறங்கிவிட்டது.

தேவசகாயம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தோட்டத்துக்குத் தண்ணி விடுற டியூப்ல ஒரு இடத்துல மிதிச்சா, முனையில தண்ணி வராதுல்ல. அது மாதிரிதான். ஒரு பேனலை மறைச்சா கூடக் கோத்திருக்கிற எல்லாம் படுத்துக்கும். காலை வெயில்தான் உங்களுக்கு வெயில். மதியம் தாண்டினா மேற்கே நிக்கிற கல்யாண மண்டபத்து நிழல் வந்துருது."

"எலக்ட்ரீசியன் கண்ணுல படலியே!"

"அவன் மத்தியானத்துக்கு மேல வர்றான். அப்ப பொம்மை நிழல் என் பக்கம் விழுந்துரும்."

ஏட்டையா மெதுவாகத் திரும்பினார். விசாரிக்கிற குரல் வந்துவிட்டது.

"இதெல்லாம் உமக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்யா சொல்லலை?"

"பொம்மை என்னைப் பார்த்துல்ல நிக்குது. அதைக் கழட்டுங்கன்னு நானே வந்து சொன்னா நீங்க என்ன நினைப்பீக?"

அது நியாயம்தான். பேச்சு அங்கேயே முடிந்திருக்கலாம். தேவசகாயம் விடவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது முழு உண்மை இல்லை ஏட்டையா. இந்த அம்மாவை வச்சுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது. உங்க பேட்டரி நிறைஞ்சிட்டா பிள்ளை இங்க வர மாட்டான். அதான் வாயை மூடிக்கிட்டேன். தினமும் இங்க வந்து நின்னு, அந்த நிழல் விழுதான்னு பார்த்துட்டுப் போவேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். உங்களுக்குப் பேரன் வந்த நாள்லேருந்து எனக்கு மனசு சரியில்லை."

"அடப்பாவி!" என்று கத்தினார் ஏட்டையா. "அப்ப நீர் கண்ணு வச்சது நிசந்தானே! பார்த்தீகளாம்மா, நான் சொன்னேன்ல!"

ஏட்டையா படியில் தடதடவென்று இறங்கிப் போனார். ஏணியை எடுத்து வைத்து, வைக்கோல் ஆள், பூசணிக்காய், தகரம் எல்லாவற்றையும் பிய்த்துக் கீழே எறிந்தார். மகளைக் கூப்பிட்டார்.

"இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"அவர் பாவம்ப்பா…"

"சொல்லிட்டேன்!"

மறுநாள் காலை வெயில் முழுசாகப் பேனலில் விழுந்தது. சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்டு போனது. ஏட்டையாவின் வீட்டில் லைட்டு எரிந்தது. ஃபேன் ஓடியது. பிள்ளை அவர் வீட்டில், அவர் கண் முன்னால் தூங்கியது. சம்சாரம் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

ஜெயித்தாயிற்று. ஏட்டையா கொல்லைக்குப் போனார், சும்மா, அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாமே என்று. இந்த நாளுக்காகத்தானே இத்தனையும். ஒரு கல் மேல் ஏறி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

அங்கேயும் லைட்டு எரிவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஃபேன் ஓடியது. அதற்குக் கீழே காலித் தொட்டில் காற்றில் லேசாக அசைந்தது. தேவசகாயம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாடவில்லை.

ஏட்டையா சத்தம் போடாமல் இறங்கி உள்ளே வந்தார். அன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதற்கு யார் மேல் பழி போடுவது என்றும் தெரியவில்லை.

விடிந்ததும் பூரணத்தின் வீட்டில் போய் நின்றார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பூரணம் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"பேட்டரி நிறைஞ்சுதா ஏட்டையா?"

"நிறைஞ்சுதும்மா."

"பிள்ளை?"

"என் வீட்டுலதான் தூங்கினான்."

"சந்தோஷம்."

ஏட்டையா போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு திடீரென்று குரலை உயர்த்தினார்.

"தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தானேம்மா, அது துரோகம் இல்லையா?"

"துரோகம்தான்."

"பச்சைப் பிள்ளை வேர்த்து அழுதுச்சு. அதுக்கு அவன் காரணம் இல்லையா?"

"அவரும்தான்."

அந்த 'உம்' எங்கே போய்ச் சேர்கிறது என்று ஏட்டையாவுக்குத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் வீட்டுல தொட்டில் காலியாத் தொங்குதும்மா. ஃபேனைக்கூட நிறுத்தாம உட்கார்ந்திருக்கான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தானே வரணும்?"

பூரணம் கிரைண்டரை நிறுத்தினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை அங்க தூங்கினப்ப, உங்களுக்கு எது அப்படி வலிச்சுது?"

"என் வீட்டுல ஃபேன் ஓடலியேன்னு இருந்துச்சு. என் பேரனுக்கு என்னால காத்துக் கொடுக்க முடியலியேன்னு இருந்துச்சு."

"இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப இனிமே பிள்ளை எங்க தூங்கினா என்ன, ஏட்டையா?"