பூட்டுக்கு வெளியே நின்ற மூச்சு

பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சு ஊட்டும் கருவி அது. அதற்குள் ஓடும் மைக்ரோகெர்னல் என்ற மிகச் சிறிய இயங்குதளத்தை எழுதியவர் நப்பின்னை. தேவசகாயம் அவரிடம் கற்க வந்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

மறுநாள் கருவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதன் திரைதான் திணறிக்கொண்டிருந்தது. உள்ளே நிரல், மூச்சைக் கவனிக்க ஒன்று, திரையைக் கவனிக்க ஒன்று என இரண்டு இழைகளாகத் தனித்தனியே ஓடியது.

"மேடம், காற்றழுத்தக் கணக்கு மூச்சு இழைகிட்ட மட்டும்தான் இருக்கு. திரை இழை ஒவ்வொரு தடவையும் செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகுதான் காட்டுது. ரெண்டு இழையும் அந்தக் கணக்கை நேராவே தொட்டா என்ன?"

"ஒரே நேரத்துல தொட்டா?"

"பூட்டு போட்டிருக்கேன். ஒண்ணு உள்ளே இருந்தா மத்தது வெளியே காத்திருக்கும்."

"எழுதியே முடிச்சுட்டீங்களா?"

"நேத்தே. திரை பறக்குது மேடம்."

நப்பின்னை பெரியவர்களுக்கான சோதனை முகமூடியை எடுத்தார். அதில் கருவி தரும் காற்றைத் தவிர வேறு காற்று புகாது.

"நான் மாட்டிக்கறேன். ஓடும்போதே திரை இழையைக் கொன்னுடுங்க."

"ஓடும்போதேவா?"

"ஆமா."

வாரை இறுக்கினார். பம்பு ஓடியது. அவர் மார்பு ஏறி இறங்கியது. தேவசகாயம் கட்டளையைத் தட்டினான். திரை இருண்டது. மூச்சு நிற்கவில்லை. அவன் சிரித்தான்.

மறுபடியும், என்று விரலால் சொன்னார்.

திரை இழையைத் திரும்ப எழுப்பி, திரும்பக் கொன்றான்.

இந்த முறை பம்பு நின்றது. திரை இழை பூட்டைப் பிடித்தபடியே செத்திருந்தது. மூச்சு இழை வெளியே காத்து நின்றது.

நப்பின்னையின் மார்பு அசையவில்லை. கைகள் மடியில் கிடந்தன. கண்கள் அவனையே பார்த்தன.

"மேடம், கழட்டுங்க!"

விசைகளை மாறி மாறித் தட்டினான். கருவி கேட்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலம் பாரித்தது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, வாரைப் பிய்த்து எறிந்தான். அவர் குனிந்து நெடுநேரம் இருமினார்.

"கை ரெண்டும் சும்மாதானே இருந்துச்சு?" அவன் அவர் கைகளைக் காட்டினான். "ஏன் கழட்டல?"

அவர் மூச்சு வாங்கியபடியே சொன்னார்.

"நாளைக்கு இதை மாட்டப்போற குழந்தைக்குக் கழட்டத் தெரியாது."