நாற்பது அடி தள்ளி ஒரு ஜெபம்

ஒரு காட்டில் செங்குளம் என்று ஒரு குளம் இருந்தது. கோடையில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தண்ணீர் அது ஒன்றுதான். அதன் கரையில் சந்தியாகு என்ற கழுதை வாழ்ந்து வந்தது.

சந்தியாகுவின் முதுகில் சிலுவை போல ஒரு கறுத்த கோடு உண்டு. முன்பொரு காலத்தில் தன் வம்சத்துக் கழுதை ஒன்று ஆண்டவரைச் சுமந்துகொண்டு நகரத்துக்குள் போனது, அதன் அடையாளம்தான் இது என்று சந்தியாகு நம்பியது. அதைச் சொல்லி யாரிடமும் அது பெருமையடித்துக்கொண்டதில்லை. பெருமை ஏறி வந்தவருக்குத்தானே தவிர சுமந்தவருக்கு இல்லை என்று அதற்குத் தெரியும்.

அந்தக் காட்டில் ஆண்டவரை நம்பியவர்கள் சந்தியாகுவும் ஒரு பெரிய ஆட்டு மந்தையும்தான். விடிந்ததும் குளக்கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி நிற்கும் மருத மரத்தடியில் கூடுவார்கள். கண்ணை மூடி, தலை குனிந்து ஜெபிப்பார்கள். ஆனால் தினமும் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு காவல் நிற்பார். அதற்குக் கண்முறை என்று பெயர். ஜெபம் முடிந்த பிறகுதான் தண்ணீருக்கு இறங்குவார்கள்.

குளத்துக்கு ராசா ஒரு முதலை. வருடாவருடம் முதல் மழை விழும் நாளில் விலங்குகள் கூடி ராசாவைத் தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கம். மீனைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துதான் முதலை ராசாவானது. ஆரம்பத்தில் அதன் ஆட்சியைக் குறை சொல்ல முடியாது. தள்ளுமுள்ளு இல்லாமல் முறை வைத்துத் தண்ணீர் விட்டது. சந்தியாகுவும் ராசாவின் கட்டளைப்படி வாரம் ஒரு நாள் குளத்துச் சேற்றைச் சுமந்து வெளியே கொட்டியது. நல்ல காரியத்துக்கு ராசா கேட்கும் உழைப்பை முகம் சுளிக்காமல் கொடுப்பதும் பக்திதான் என்று ஆடுகளிடம் சொல்லும்.

அந்த வருடம் கோடை நீண்டது. குளம் சுருங்கியது. மீனும் குறைந்தது. மழை நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டில் அதிகம் பேர் ஆடுகள்தான் என்பது முதலைக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் காலை முதலை மருத மரத்தடிக்கே வந்து சேர்ந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு கண்ணை மூடியது. ஜெபம் முடிந்தபோது அதன் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆடுகள் உருகிப்போயின. அவர்களுக்கெல்லாம் மூத்தவளான ஞானப்பூ என்ற ஆடு, இனி நமக்கு நல்ல காலம்தான், ராசாவே நம்மவர் என்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாளே சட்டம் வந்தது. இனி ஜெபம் மரத்தடியில் இல்லை, தண்ணீர் ஓரத்தில். ஆடுகள் மட்டுமல்ல, காட்டில் எல்லோரும் கண்ணை மூடி, தலை குனிந்து, பத்து எண்ணும் வரை ஜெபிக்க வேண்டும். குனியாதவர்களுக்குத் தண்ணீர் கிடையாது. ராசாவே காவல் இருப்பதால் கண்முறையும் வேண்டாம். குனியாதவர்களைத் திருப்பி அனுப்பும் வேலை சந்தியாகுவுக்கு.

சந்தியாகுவுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனாலும் ஒரு சந்தோஷம் அதை அமுக்கிவிட்டது. எத்தனை வருடம் இந்தக் குரங்குகளும் நரிகளும் தன் ஜெபத்தைக் கேலி செய்திருக்கின்றன! இப்போது எல்லாத் தலையும் குனியப் போகிறது. குனியக் குனிய நம்பிக்கையும் தானாக வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையை ஏற்றுக்கொண்டது.

முதல் நாளே ஒரு மந்தி குனிய மறுத்தது. அதன் வயிற்றில் குட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நெஞ்சுல இல்லாததை நான் நடிக்கணுமாண்ணே?" என்று கேட்டது மந்தி.

சட்டம் சட்டம்தான் என்று சந்தியாகு சொன்னது. மந்தி திரும்பிப் போனது. குட்டி மட்டும் தண்ணீரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அன்று சந்தியாகுவுக்குப் புல் இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு முயல் காணாமல் போனது. அடுத்த நாள் ஒரு மான்குட்டி. நரி வேலையாக இருக்கும் என்று முதலை வருத்தத்தோடு சொன்னது. ஆடுகளும் நரியைத் திட்டின.

அதற்கும் மறுநாள் மந்தி திரும்பி வந்தது. குட்டி வாடிப்போய்க் கிடந்தது. மந்தி தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடி, தலையைக் குனிந்து, உதட்டை அசைத்தது. அதில் ஜெபம் இல்லை, வெறுப்புதான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து சந்தியாகு கூசிப்போனது. ஆண்டவரின் பெயரைச் சொல்லி ஒரு தாயை இப்படிப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று அதன் நெஞ்சு எரிந்தது.

காட்டில் அத்தனை கண்களும் மூடியிருந்தன. காவல் நின்ற சந்தியாகுவின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. அதுவரை தலைகளையே எண்ணிக்கொண்டிருந்த அது, அன்றுதான் தண்ணீரைப் பார்த்தது. தண்ணீர் மெல்ல மேடு தட்டியது. அந்த மேடு மந்தியின் குட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது.

சந்தியாகு கத்தியது. கழுதையின் குரலை யாரும் இனிமை என்று சொன்னதில்லை. அன்று அந்தக் குரல் ஒரு உயிரைக் காப்பாற்றியது. மந்தி குட்டியோடு துள்ளிப் பின்வாங்க, முதலையின் வாய் வெறும் காற்றைக் கடித்து மூடியது.

"ஜெபத்தைக் கலைச்சிட்டியே சந்தியாகு. குட்டி வழுக்கி விழாம தாங்கத்தானே வந்தேன்" என்றது முதலை, கண்ணில் நீர் தளும்ப.

ஆடுகள் அதையும் நம்பின. சந்தியாகு கரைமேல் நிமிர்ந்து நின்றது.

"ராசா, சேறு சுமக்கச் சொல்லுங்க, சுமக்கறேன். முறை வெச்சா நிக்கறேன். ஆனா யார் யாரைக் கும்பிடணும்னு சொல்ற வேலை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இந்தக் காவலை நான் பார்க்க மாட்டேன்."

"அப்படின்னா உனக்குத் தண்ணி இல்லை" என்றது முதலை.

சந்தியாகு திரும்பி நடந்தது. நாற்பது அடி நடந்து மருத மரத்தடியில் தனியாக நின்று ஜெபித்தது. அன்று தண்ணீர் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோது ஞானப்பூ வந்தாள். அவளுக்குச் சந்தியாகுமேல் பாசம் உண்டு. நம்மவர் ஆட்சியை நாமே கெடுக்கலாமா என்று கேட்டுக் கண் கலங்கினாள்.

"நீங்க தினமும் செய்யற ஜெபம்தானே அண்ணா? இங்க செய்யறதை அங்க வந்து செஞ்சா என்ன குறைஞ்சிடும்?"

"நானா குனிஞ்சா அது ஜெபம், ஞானப்பூ. பிடரியைப் பிடிச்சு அமுக்கினா கழுத்துதான் குனியும். ஆண்டவர் கழுத்தைக் கேக்கலையே."

அவள் போன பிறகு சந்தியாகு காய்ந்து கிடந்த ஓடைக்கு இறங்கியது. மணலை முகர்ந்து பார்த்தது. ஓரிடத்தில் லேசாக ஈரவாசம் அடித்தது. முன்னங்காலால் தோண்ட ஆரம்பித்தது. மணல் சரிந்தது, மறுபடி தோண்டியது. குளம்பு பிளந்து ரத்தம் வந்தது, மறுபடி தோண்டியது. வெயில் சாயும் நேரத்தில் இடுப்பளவு பள்ளத்தில் தண்ணீர் ஊறியது.

மேலே மந்தி நின்றுகொண்டிருந்தது. சந்தியாகு ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஒதுங்கி வழி விட்டது.

"முதல்ல குட்டிக்குக் குடு, தங்கச்சி" என்றது.

"உங்க சாமியைக் கும்பிடணுமாண்ணே?"

"தண்ணிக்கு விலை இல்லை. உன்னை அன்னைக்குத் திருப்பி அனுப்பினேன் பாரு, அதுக்கு என்னை மன்னிச்சிடு."

மந்தி பள்ளத்துக்குள் இறங்கியது. குட்டிக்குக் கையால் அள்ளிக் கொடுத்தது.

சேதி பரவியது. மான்கள் வந்தன, பன்றிகள் வந்தன, வெட்கத்தோடு நரிகளும் வந்தன. ஊற்றுக்கு யாரும் காவல் இல்லை. குளக்கரையில் ஆடுகள் மட்டும் குனிந்துகொண்டிருந்தன. முயலும் மானும் வராமல் போகவே, தினம் ஒரு ஆடு குறைந்தது. ஐந்தாம் நாள் ஞானப்பூ கண்ணை மூடாமல் நின்று பார்த்தாள். பார்த்த பிறகு மிச்சமிருந்த மந்தையை ஓட்டிக்கொண்டு ஓடைக்கு வந்து சேர்ந்தாள். சந்தியாகுவின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அது ஒரு வார்த்தையும் குத்திக் காட்டவில்லை, தள்ளி நின்று இடம் கொடுத்தது.

முதல் மழை விழுந்தது. விலங்குகள் கூடின. மருந்துக்குக்கூட ஒருவரும் முதலையின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு காட்டெருமையை ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். யானைகள் முதலையைக் காட்டுக்கு வெளியே தூரத்து ஆறுவரை விரட்டிவிட்டு வந்தன. எருமை சந்தியாகுவை அழைத்து, உன் ஜெபத்துக்கு நான் என்ன சட்டம் போடட்டும் என்று மரியாதையாகக் கேட்டது.

"முறை பார்த்துத் தண்ணி விடுங்கம்மா. தப்பு பண்ணினவனைத் தண்டிங்க. ஜெபத்தை எங்ககிட்டயே விட்டுடுங்க" என்றது சந்தியாகு.

மறுநாள் காலை சந்தியாகுவும் ஆடுகளும் மருத மரத்தடியில் கூடினார்கள். அன்று கண்முறை சந்தியாகுவுடையது. அது காவலுக்கு நிமிர்ந்தபோது, மரக்கிளையில் குட்டியோடு உட்கார்ந்திருந்த மந்தி கீழே பார்த்துச் சொன்னது:

"எனக்கு உங்க ஜெபம் தெரியாதுண்ணே. நீங்க நிம்மதியா கண்ணை மூடுங்க. நான் முழிச்சிருக்கேன்."

சந்தியாகு கண்ணை மூடியது.

அரசன் பிடித்து அமுக்கும் தலையில் பக்தி தங்காது. அடுத்தவரின் சுதந்திரத்தைக் காப்பவரின் ஜெபத்துக்கு அந்த அடுத்தவரே காவல் நிற்பார்.