சந்தைச் சாமியின் காது

கப்பல்கள் காற்றையும் கைவலுவையும் மட்டுமே நம்பி ஓடிய காலம் அது. யவன நாட்டில் பெத்ரானா என்றொரு சின்னத் துறைமுகம் இருந்தது. அந்தத் துறைமுகத்தில் பொலிதோரன் என்றொரு மீகாமன் இருந்தான். மீகாமன் என்றால், கப்பலில் சுக்கானைப் பிடித்து வழி செலுத்துகிறவன்.

பொலிதோரனுக்குக் கடலைத் தெரியும். காற்றைத் தெரியும். பாறைகளைத் தெரியும். இந்த மூன்றும் தனக்குத் தெரியும் என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

அவன் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. தன்னிடமே அவன் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. அது என்னவென்று சொல்வதற்கு முன்னால், அந்த ஊர்ச் சாமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யவன நாட்டில் ஒரு மலைமேல் பெரிய கோயில் இருந்தது. அங்கே முக்காலியில் அமர்ந்து ஒரு பூசாரிணி அருள்வாக்குச் சொல்வாள். வாசலில் "உன்னை நீ அறி" என்று கல்லில் வெட்டியிருந்தார்கள். அரசர்களும் செல்வர்களும் அவ்வளவு தூரம் போவார்கள். வலையைக் காயப் போட்டவனும் உலையை ஏற்றியவளும் போக முடியுமா? அவர்களுக்கு உள்ளூர்ச் சந்தையிலேயே ஒரு கல்சாமி இருந்தது. தாடி வைத்த சாமி. அதற்கு வாய் இருந்தும் பேசாது. காதுதான் அதற்கு முக்கியம்.

கேள்வி கேட்கிற முறை இது. சாமிக்கு முன்னால் சாம்பிராணி போட வேண்டும். விளக்குக்கு எண்ணெய் விட வேண்டும். பிறகு சாமியின் வலது காதில் வாயை வைத்து, கேள்வியைக் கிசுகிசுக்க வேண்டும். உடனே தன் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, சந்தை வாசலைத் தாண்டி வெளியே நடக்க வேண்டும். வெளியே போய்க் கைகளை எடுத்ததும் முதலில் காதில் விழுகிற குரல் எதுவோ, அதுவே சாமியின் பதில்.

இதற்கு இரண்டு சட்டங்களும் உண்டு. காதைப் பொத்தி வருகிறவனிடம் யாரும் வேண்டுமென்றே பேசக் கூடாது. பார்த்துச் சிரிக்கவும் கூடாது. முதல் சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வாற்கோதுமை கதிரிலேயே கருகியது. குளிர்காலம் வருவதற்குள் எதிர்க்கரைக்குப் போய்த் தானியம் ஏற்றி வராவிட்டால் ஊர் பட்டினி கிடக்கும். ஊருக்கு இருந்தது ஒரே ஒரு கப்பல். நடுவழியில் ஓநாய்ப்பல் என்கிற பாறை இடுக்கு. கப்பல் அங்கே மோதினால் துடுப்பு வலிக்கிற இருபது பேரும் போனார்கள், தானியமும் போனது, ஊரும் போனது.

"யார் சுக்கான் பிடிப்பது?" என்று ஊர்ச்சபை கூடியது.

"இதென்ன கேள்வி? நான்தான்," என்றான் பொலிதோரன்.

இன்னொரு மீகாமனும் அந்த ஊரில் இருந்தான். அர்க்கியாஸ் என்று பெயர். பொலிதோரனுடைய மனைவி மிர்த்தோவின் தம்பி. நிதானமான ஆள். ஒரு அலையைப் பார்த்து, அதற்கடுத்த அலையைப் பார்த்து, பிறகுதான் சுக்கானைத் திருப்புவான். பொலிதோரன் அவனுக்கு நத்தை என்று பெயர் வைத்திருந்தான்.

"நத்தை போனா, தானியம் வந்து சேர்றதுக்குள்ள நம்ம பேரன் பேத்திக்கெல்லாம் நரைச்சிடும்," என்றான்.

"அத்தான் சொன்னா சரி," என்று அர்க்கியாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனால் சபையில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். அதனால் சபைத் தலைவர் சொன்னார்: "பொலிதோரா, நீயே போய்ச் சந்தைச் சாமியிடம் கேள். அது சொன்னதைச் சாமியின் காதைத் தொட்டு எங்களுக்குச் சொல். அதன்படி செய்வோம்."

வீட்டுக்கு வந்ததும் மிர்த்தோ விட்டாளா?

"இங்க பாருங்க. பேசாம தம்பிகிட்டக் குடுத்துடுங்க. உங்களுக்குக் கண்ணு சரியில்லை."

"என் கண்ணுக்கு என்ன? கழுகுக் கண்ணு!"

"நேத்துச் சாயங்காலம் வாசல்ல நின்னு அவ்வளவு நேரம் பேசினீங்களே, யார்கிட்ட?"

"பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட."

"கம்பத்துல காஞ்ச போர்வைகிட்ட."

பொலிதோரன் கொஞ்சம் யோசித்தான். "அதானே பார்த்தேன்! குறுக்கே பேசாம கேட்டானேன்னு சந்தோஷப்பட்டேன்," என்று சொல்லிவிட்டு, சாம்பிராணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் சொல்லாத சங்கதி இதுதான். அவன் கண்ணில் மெல்லிய பனி இறங்கியிருந்தது. கிட்டத்தில் இருப்பது தெரியும். எட்டத்தில் இருப்பதெல்லாம் பாலில் விழுந்ததைப் போலத் தெரியும். 'இன்றைக்குப் புழுதி அதிகம்' என்பான். 'இன்றைக்கு வெயில் அதிகம்' என்பான். 'இன்றைக்கு மேகம் அதிகம்' என்பான். குறை எப்போதும் வானத்தின் மேல்தான்.

முதல் முறை போனான். சாமியின் காதில், "ஓநாய்ப்பல்லைத் தாண்டக் கப்பலை யார் கையில் கொடுக்கலாம்?" என்று கேட்டான். காதைப் பொத்தினான். முழங்கைகள் இரண்டும் இறக்கை மாதிரி நிற்க, சந்தை வாசலைத் தாண்டினான். கையை எடுத்தான்.

வாசலில் ஒரு மீன்காரி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள்: "நேத்து மீனு நேத்தோட போச்சு! இன்னைக்கு மீனைப் பாரு!"

பொலிதோரனுக்கு முகம் சுருங்கியது. 'சே, இது மீன் வியாபாரம். சாமி இன்னும் வாயைத் திறக்கவில்லை' என்று முடிவு செய்தான்.

இரண்டாம் முறை போனான். அதே சாம்பிராணி, அதே கேள்வி. இந்த முறை மீன்காரி இருந்த வாசலை விட்டு, மேற்கு வாசல் வழியாக வெளியேறினான். கையை எடுத்தான்.

ஒருவன் தன் கழுதையை அதட்டிக்கொண்டிருந்தான்: "முன்னால சுவர் இருக்கிறது தெரியலை? கண்ணு தெரியாத உன்னை நம்பி மூட்டையை ஏத்தினேனே, என்னைச் சொல்லணும்!"

பொலிதோரனுக்குக் காது சிவந்துவிட்டது. 'இது கழுதைக்குச் சொன்னது. நான் கழுதையா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அதற்குப் பதில் வராததால் வீட்டுக்குப் போனான்.

மூன்றாம் முறைக்கு அவன் ஓர் ஏற்பாடு செய்தான். லூகோன் என்று அவனுக்கு ஒரு கூட்டாளி. ஒரு ஜாடி திராட்சை மதுவுக்கு எதையும் செய்யக்கூடியவன்.

"லூகோன், நாளைக்கு மத்தியானம் சந்தை கலைஞ்ச பிறகு கடற்கரை வாசலுக்கு வெளியே நில்லு. மீன்காரி இருக்க மாட்டா, கழுதையும் இருக்காது. நான் காதைப் பொத்திக்கிட்டு வருவேன். உன்னைப் பார்த்ததும் கையை எடுப்பேன். நீ என்னைப் பார்க்காம, வேற எங்கேயோ பார்த்து, 'பொலிதோரன் மாதிரி மீகாமன் உண்டா'ன்னு சொல்லிடு."

"சாமி கோவிச்சுக்காதா அண்ணே?"

"அது சொல்ல நினைச்சதைத்தானே நாம சொல்றோம். அதுக்கு ஒரு உதவி."

"ஜாடி முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"பாதி முன்னாடி குடுங்க அண்ணே, குரல் நல்லா வரும்."

பாதி ஜாடி கைமாறியது.

மறுநாள் மத்தியானம். சந்தை கலைந்துவிட்டது. கடற்கரை வாசலுக்கு வெளியே மணல், காயப் போட்ட வலைகள், வெயில், வேறொன்றும் இல்லை. லூகோன் வலைக் கம்பத்தின் பக்கத்தில் நின்றான். தன்னைச் சுலபமாகக் கண்டுகொள்ளட்டும் என்று சிவப்புத் துண்டு வேறு கட்டியிருந்தான்.

பொலிதோரன் காதைப் பொத்திக்கொண்டு வந்தான். வாசலில் நின்று இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், நேரே பார்த்தான். ஆளைக் காணோம்.

லூகோனுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு படகை நிறுத்தும் அளவு தூரம்தான். லூகோன் கையை ஆட்டினான். பொலிதோரன் பார்க்கவில்லை. துண்டை அவிழ்த்துச் சுழற்றினான். பொலிதோரன் பார்க்கவில்லை. கடைசியில் எம்பி எம்பிக் குதித்து, "பொலிதோரன் மாதிரி மீகாமன் உண்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மூன்று தடவை கத்தினான். பொத்திய காதில் எது விழும்? பாதி ஜாடி வேறு தன் வேலையைக் காட்டியது. மூச்சு முட்டி, லூகோன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

பொலிதோரனுக்குப் பொறுமை போய்விட்டது. கைகள் இரண்டையும் உதறிக் கீழே போட்டான்.

"எங்கே போனான் அந்தக் குடிகாரன்? கண்ணுக்கு ஒரு ஆளும் தெரியலையே!" என்று கத்தினான்.

கத்திய பிறகு, அவனுடைய வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"இங்கேதான் இருக்கேன் அண்ணே, உங்களுக்கு நேர் எதிரே," என்றது மணலிலிருந்து ஒரு குரல். ஆனால் அது இரண்டாவது குரல்.

முதல் குரல் யாருடையது என்று பொலிதோரனுக்குத் தெரியும். அந்தக் குரலைப் பார்த்து, நீ மீன்காரி என்று சொல்ல முடியாது. நீ கழுதைக்காரன் என்றும் சொல்ல முடியாது.

லூகோன் மெல்ல எழுந்து வந்தான். பக்கத்தில் வந்த பிறகுதான் பொலிதோரனுக்கு அந்தச் சிவப்புத் துண்டு தெரிந்தது.

"சரி விடுங்க அண்ணே. இப்பச் சொல்றேன், இதையே முதல்ல கேட்டதா வச்சுக்குங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அது உண்மைதான். அங்கே வேறு ஆள் யாரும் இல்லை. பொலிதோரன் வீட்டைப் பார்த்து நடந்தான்.

மாலையில் சந்தைச் சாமியின் முன்னால் சபை கூடியது. துடுப்பு வலிக்கிற இருபது பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் மனைவிமார்களும் வந்திருந்தார்கள். பொலிதோரன் சாமியின் காதைத் தொட்டபடி நின்றான்.

'பொலிதோரன் கையில் கொடுக்கலாம் என்றது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்துகொண்டே எதிரில் இருந்தவர்களைப் பார்த்தான். தன்னோடு எத்தனையோ வருடம் கடலில் வந்த இருபது பேர். யார் பெரியவன், யார் சின்னவன், யார் சிரிக்கிறான், யார் பயந்திருக்கிறான் என்று தேடினான். இருபது வெள்ளைப் புள்ளிகள்தான் இருந்தன. 'ஒரு முகத்தைக்கூட அடையாளம் தெரியாத நான், இவர்களைப் பாறைக்கு நடுவில் கூட்டிப் போகப் போகிறேனா?' என்று நினைத்தான்.

"மூணு முறை கேட்டேன்," என்றான். "மூணு முறையும் சாமி ஒரே பதிலைத்தான் சொல்லிச்சு. ரெண்டு முறை எனக்குப் பிடிக்கலை, அதனால கேட்காத மாதிரி இருந்துட்டேன். மூணாவது முறை ஏமாத்தப் பார்த்தேன். சாமி என் வாயாலேயே சொல்ல வச்சுட்டுது. எனக்குக் கண்ணு தெரியலை. எட்டத்துல எதுவும் தெரியலை. போன வருஷத்திலிருந்தே தெரியலை. கப்பலை அர்க்கியாஸ் ஓட்டட்டும்."

மிர்த்தோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அர்க்கியாஸ்தான் முதலில் பேசினான். "அத்தான், நான் மெதுவாத்தான் போவேன்."

"போ. பாறை எங்கேயும் ஓடிடாது."

எல்லோரும் சிரித்தார்கள். பொலிதோரனும் சிரித்தான்.

"இன்னும் ஒண்ணு," என்றான். "எனக்கும் ஒரு துடுப்புக் குடு. கண்ணுதான் போச்சு, தோள் அப்படியே இருக்கு. துடுப்பு வலிக்கிறவன் கப்பல் போற திசைக்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்றான்? அதுக்கு இந்தக் கண்ணு தாராளம்."

கப்பல் புறப்பட்டது. போகும்போது ஓநாய்ப்பல் ஒன்றும் செய்யவில்லை. திரும்பும்போது, தானிய மூட்டைகளின் பாரத்தில் கப்பல் தாழ்ந்து வந்தது. முந்தின இரவுப் புயலில் வேறு ஊர்க் கப்பல் ஒன்று அந்த இடுக்கில் மூழ்கியிருந்தது. அதன் பாய்மரத்தின் முனை மட்டும், நீருக்கு மேல் ஒரு முழம், வழியின் நடுவே குத்திட்டு நின்றது. பாறைகளை மனப்பாடமாக வைத்திருந்தவனுக்கும் அது தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் அது முந்தின நாள் அங்கே இல்லை.

அர்க்கியாஸ் அதை வெகு தூரத்திலேயே பார்த்தான். ஒரு அலையைப் பார்த்தான், அடுத்த அலையைப் பார்த்தான், பிறகு சுக்கானைத் திருப்பினான். கப்பல் மெதுவாக விலகியது.

துடுப்பு வலித்துக்கொண்டிருந்த பொலிதோரனுக்குக் கப்பல் திரும்புவது உடம்பில் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மரமுனை அவனுடைய துடுப்பை உரசுகிற மாதிரி பக்கத்தில் கடந்து போனது. அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான்.

பார்த்தவன் மற்றவர்களோடு சேர்ந்து துடுப்பை இன்னும் அழுத்தி வலித்தான். ஊரார் கரையில் கூடைகளோடு காத்திருந்தார்கள்.

கேட்டவர்களே, தன் குறையைத் தனக்கே மறைக்காமல் அறிந்துகொள்கிறவன் தன்னையும் காப்பான், தன்னை நம்பியவர்களையும் காப்பான்.