தட்கலுக்கு நடுவே மெத்தை விளம்பரம்

பிரவுசரை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்பது, படித்தவர்களிடையேகூடப் பரவியுள்ள மூடநம்பிக்கை. திண்டுக்கல் இணையச் சேவை மையத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர், மையத்தை நடத்தும் நிறுவனத்தின் மண்டல மேலாளர் தணிகாசலம்.

"இனி நம்ம கம்பெனி பிரவுசர்தான். அந்த விளம்பரத் தடுப்பானையும் எடும்மா. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

ஆபரேட்டர் ஜெசிந்தா உடனே இரண்டையும் மாற்றினாள். "ஆச்சு சார். சென்னைக்கு நீங்க கேட்ட தட்கல் டிக்கெட்டை இதுலயே போடுறேன்."

மணி பத்து; தட்கல் முன்பதிவு திறந்தது. திரையை மறைத்துச் சோப்பு விளம்பரம் குதித்தது. பின்னாலேயே மெத்தை, நகைக்கடை.

"மூடும்மா! சீட்டெல்லாம் போகுது!"

"மூட வழியே வைக்கலையே சார், நம்ம கம்பெனி!"

"பழைய பிரவுசரையே போட்டுத் தொலை!"

"போட்டா வேலை போயிடுமே. அனுமதின்னு எழுதிக் கொடுங்க சார்."

தணிகாசலம் வியர்க்க வியர்க்க எழுதிக் கையெழுத்திட்டார். அப்போது மணி பத்து ஆறு.

மறுநாள் அவர் சென்னை வரை நின்றுகொண்டே போனார்.